கருவேப்பிலைத் தொட்டியில புழு, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: பால்கனி கருவேப்பிலைச் செடியில காக்கா எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. குச்சியால தட்டினா தலைக்குப் பின்னாடி செவப்பா ரெண்டு கொம்பு நீட்டுது, ஒரே நாத்தம். விஷமா சார்? மருந்து அடிச்சிடவா? ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு கூடவே கூடாதுன்னு சண்டை போடுறா, இதையே படிக்கப் போறேன்னு வேற சொல்றா.
- ஒரு வாசகி, ஜெயநகர், பெங்களூரு

பதில்: பொண்ணு சொல்றதுதாம்மா சரி, தயவுசெஞ்சு மருந்து அடிக்காதீங்க. அது அனேகமா காமன் மார்மன் பட்டாம்பூச்சியோட புழு, எலுமிச்சை, கருவேப்பிலை ரெண்டுலயும் முட்டை வைக்கும். சின்னதா இருக்கும்போது எச்சம் மாதிரி இருந்தாத்தான் குருவி கொத்தாது, வளர்ந்ததும் பச்சையாயிடும். அந்தக் கொம்பு எறும்பு, குளவியை விரட்டத்தான், நமக்கு ஒண்ணும் பண்ணாது. செடி ரெண்டு வாரத்துல திரும்பத் துளிர்த்துடும்.

இதுல பெரிய விஷயம் பொம்பளைப் பூச்சிதான். ஆணுக்கு ஒரே உருவம், கருப்பு இறக்கையில வெள்ளைப் பொட்டு வரிசை, ஆனா நம்ம ஊர்ல பொம்பளைப் பூச்சிக்கு மூணு உருவம், ஒண்ணு ஆண் மாதிரியே, மத்த ரெண்டும் புழுவா இருக்கும்போதே ஆடுதின்னாப்பாளைச் செடியைத் தின்னு உடம்புல விஷம் ஏத்திக்கிற காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் பூச்சிங்களை அப்படியே காப்பியடிச்ச வேஷம், பறவை ஏமாந்து விட்டுடும். இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வாலஸ் 1865லயே இதைப் பத்தி எழுதிட்டார். இத்தனை வேஷத்தையும் டபுள்செக்ஸ்ங்கிற ஒரே ஜீன் நடத்துதுன்னு 2014ல நேச்சர் இதழ்ல வந்துச்சு, அதுல முதல் பேரா இருக்கிற கிருஷ்ணமேக் குண்டே உங்க ஊர் என்சிபிஎஸ் உயிரியல் ஆராய்ச்சி மையத்துலதான் வேலை பார்க்கிறார். உங்க தொட்டியில இருக்கிற பூச்சிம்மா அது!

படிப்புக்கு பிஎஸ்சி விலங்கியல், இல்ல பிஎஸ்சி அக்ரி எடுத்துட்டு மேல பூச்சியியல் போகலாம், அக்ரிக்கு ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழகம் உங்க ஊர்லயே இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு நோட்டு போதும். தேதி, புழு நீளம், நிறம், தோல் உரிச்ச நாள், கூடு கட்டின நாள், எல்லாத்தையும் போட்டோவோட எழுதி வைக்கச் சொல்லுங்க. கூடு கட்டின குச்சியை அசைக்க வேண்டாம், வெளிய வந்ததும் இறக்கை ஈரமா சுருங்கித் தொங்கும், தானா விரிஞ்சு காயட்டும், கை வைக்கக் கூடாது. சில சமயம் பட்டாம்பூச்சிக்குப் பதிலா கூட்டைத் துளைச்சிட்டு, வேற பூச்சிக்குள்ள முட்டை வச்சு வளர்ற குட்டிக் குட்டிக் குளவிங்க வரும், பொண்ணு அழுவா, ஆனா அதையும் தேதி போட்டு எழுதணும்.