பெட்டி பிரிக்காத பிரேக் பாகத்தை வாங்கலாமா?

ஒரு வாசகர் கேட்கிறார்: "என் கார் 30 வருடப் பழசு. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. பக்கத்தில் எங்கும் கிடைக்கவில்லை. கூரியரில் அனுப்புகிறேன் என்று மூன்று பேர் சொல்கிறார்கள், மூன்றும் மூன்று விலை. அதிக விலை சொல்பவர், கம்பெனி ஒரிஜினல், 20 வருடமாகப் பெட்டியே பிரிக்கவில்லை என்கிறார். அதையே வாங்கிவிடலாமா?"

வாங்கலாம், ஆனால் வந்ததை அப்படியே மாட்டக் கூடாது. அவர் எதைப் பெருமையாகச் சொல்கிறாரோ அதுதான் வில்லங்கம். அந்தச் சிலிண்டருக்குள் பிஸ்டனில் ரப்பர் கப்கள் இருக்கின்றன. நீங்கள் பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைப் பின்பக்கம் நழுவவிடாமல் தள்ளுவது அந்தச் சின்ன ரப்பர்தான். ரப்பர் ஓடினால்தான் தேயும், பெட்டிக்குள் இருந்தால் புதுசாகவே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சும்மா கிடந்தாலும் அதற்கு வயதாகும், இறுகும். டயரிலாவது தயாரித்த தேதி இருக்கிறது, ஓரத்தில் 2319 என்று முடிந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்த ரப்பர்களை மட்டும் தனியாக விற்கும் பிரேக் ரப்பர் கிட் பெட்டிகளில் இதைத் தேடிப் பாருங்கள், பல பெட்டிகளில் விலையும் பார்கோடும்தான் பளிச்சென்று இருக்கும்.

அப்போ பழைய ஸ்டாக்கே ஆகாதா என்றால், இரும்புக்கு ஆகும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் காசு இதில்தான் மிச்சமாகும். அந்தக் காலத்து வார்ப்பு பெரும்பாலும் கனமாக, அளவு சுத்தமாக இருக்கும். இன்று மலிவாகப் போட்டுத் தருகிற நகலில் உள்துளை சொரசொரப்பாக இருந்து புது ரப்பரையே தின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் பழைய ஸ்டாக் சிலிண்டரை அதன் இரும்பு உடம்புக்காக வாங்கி, பிரித்து, புது ரப்பர் கிட் போட்டு மாட்டுவது பல நேரம் நல்ல வழி. பிரித்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், விரல் நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். நகம் எங்காவது தட்டினால் துருக்குழி விழுந்திருக்கிறது, அது வேண்டாம். கழுவுவதற்குப் பெட்ரோலோ டீசலோ எடுக்காதீர்கள், என்ஜின் ஆயில் ஒரு சொட்டு கூடாது. பிரேக் ரப்பர் அதில் ஊறிப் பொருமிவிடும். பிரேக் ஆயிலைத் தொட்டே ரப்பரை ஏற்றுங்கள்.

சரி, அளவு. "இந்த மாடலுக்கு, இந்த வருடத்துக்கு" என்று கேட்டு ஆர்டர் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. வருட நடுவில் பாகத்தை மாற்றிவிட்டு வண்டிக் கம்பெனி அது பாட்டுக்குப் போய்விடும். பழைய சிலிண்டரைத் துடைத்துப் பார்த்தால் வார்ப்பில் புடைத்த எழுத்தாக உள்துளை அளவு பெரும்பாலும் இருக்கும்: முக்கால் அங்குலம் என்றால் 19.05 மி.மீ., ஏழு நூல், அதாவது 7/8 அங்குலம், என்றால் 22.2. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். பெரியதை மாட்டினால் பெடல் கல் மாதிரி இறுகும், சிறியதை மாட்டினால் பெடல் ஆழமாகப் போகும். அந்த எழுத்தையும், போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும், சேஸிஸ் நம்பரையும் எழுதி அனுப்புங்கள். ரப்பர் கிட்டும் இதே அளவுக்குத்தான். பழைய பார்ட் நம்பரைப் போட்டுத் தேடி "தயாரிப்பு நின்றுவிட்டது" என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்; அதே பாகம் புது நம்பரில், சில நேரம் வேறொரு மாடலின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த நம்பர் மாற்றத்தை வெளிப்படையாகப் போட்டு வைத்தால் யாருக்கு என்ன நஷ்டமோ தெரியவில்லை.

இனி அந்த மூன்று பேர். மூவரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இன்றைய தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் கையால் எழுதி, சிலிண்டருக்குப் பக்கத்தில் ஸ்கேலோடு வைத்து ஒரு படம். கையில் சரக்கு இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. "குடோனில் இருக்கிறது சார், நாளைக்கு அனுப்புகிறேன்" என்று இழுப்பவரிடம் படம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் இன்னொருவர் எடுத்த படம். உங்களிடம் காசு வாங்கிய பிறகு அவர் வேறிடத்தில் ஆர்டர் போடுவார், பெட்டியை அவரே கண்ணால் பார்க்க மாட்டார், தப்பாக வந்தால் "எங்களுக்கு வந்ததுதான் உங்களுக்கு வந்தது" என்பார். நான் ஒருமுறை இப்படி இடதுபக்க பிரேக் காலிப்பர் கேட்டு, இரண்டு முறையும் வலதுபக்கமே வந்து, திருப்பி அனுப்பிய கூரியர் செலவில் மூன்றாவதை வாங்கியிருக்கலாம்.

படம் வந்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டிக் கம்பெனியின் முத்திரை இருந்த இடம் ராவப்பட்டிருந்தால் உடனே டூப்ளிகேட் என்று முடிவு கட்டாதீர்கள். வண்டிக் கம்பெனிக்குச் செய்து கொடுக்கிறவர்களே அதே பாகத்தைத் தங்கள் சொந்தப் பெட்டியில் விற்கும்போது முத்திரையை ராவிவிடுவது உண்டு. விலை குறைவாக, தரம் பெரும்பாலும் அதேயாக இருக்கும். சந்தேகப்பட வேண்டியது, வண்டிக் கம்பெனி பெட்டியில் ராவிய பாகம் வந்தால்தான்.

காசு கொடுப்பதற்கு முன், இன்னும் மாட்டாத பாகம் அளவு சரியில்லை என்றால் திருப்பி எடுப்பார்களா, திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். உங்கள் பழைய சிலிண்டரை, மாற்றித் தருகிறேன் என்று யார் கேட்டாலும் புதியது மாட்டி இரண்டு வாரம் ஓடும்வரை கொடுக்காதீர்கள்.

பார்சல் வரப் பத்து நாள் ஆகுமென்றால் பத்து நாளும் வண்டி நிற்கட்டும். ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். பின்பக்கம் கசிகிற ஆயில், உங்கள் மிதிக்குப் பலம் கூட்டித் தரும் பூஸ்டருக்குள் இறங்கிவிட்டால், அடுத்து அதற்கும் இதே மாதிரி மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டிவரும்.