வாசகர் கேள்வி பதில்: ஓடையில் சாக்கடை விட்டால் யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடும் ஓடையில், மேட்டில் இருக்கும் ஒரு காட்டேஜின் கழிவுநீர் ராத்திரியில் இறங்குகிறது. நகராட்சியில் கேட்டால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகச் சொல்கிறார்கள், அங்கே போனால் நகராட்சி வேலை என்கிறார்கள். யார்தான் பொறுப்பு?
(வாசகி, குன்னூர்)

பதில்: இரண்டு பேருமேதான். ஊர்ச் சாக்கடையைக் கவனிக்க வேண்டியது நகராட்சி. ஓடையிலும் ஆற்றிலும் கழிவு விடக் கூடாது என்கிற 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டத்தை அமல்படுத்த வேண்டியது வாரியம். மீறுகிற இடத்தை மூடவும், கரண்ட், தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கவும் அந்தச் சட்டத்தின் 33ஏ பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு ‘எங்கள் வேலை இல்லை’ என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் குன்னூர் ஓடையில் விழுவது குன்னூரோடு நிற்பதில்லை, மலையிறங்கி பவானியில் கலந்து கீழே பல ஊர்களுக்குக் குடிதண்ணீராகப் போகிறது.

மனுவில் ‘ஓடை நாறுகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். தேதி, நேரம், போட்டோவோடு, ‘நீர்ச் சட்டத்தின் 21-ம் பிரிவின்படி தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும்’ என்று கேளுங்கள். நீங்கள் பாட்டிலில் பிடித்து வைக்கிற தண்ணீர் கோர்ட்டில் நிற்காது. வாரிய அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, எடுத்து, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் அது சாட்சி. அதாவது, அவர் வரவில்லை என்றால் வழக்கு அங்கேயே செத்துப்போகும். அதனால் மனுவுக்கு ரசீது வாங்கிவிட்டு, கொஞ்ச நாள் பார்த்து, 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: என் மனு எந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் போனது, யார் நேரில் பார்த்தார், அறிக்கை எங்கே, அந்தக் காட்டேஜுக்கு வாரியத்தின் அனுமதி (இசைவாணை) இருக்கிறதா? 30 நாளில் பதில் தர வேண்டும். காரணமில்லாமல் இழுத்தடிக்கும் தகவல் அலுவலருக்குத் தகவல் ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், அது அவர் சொந்தப் பணம்.

கேள்வி: ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊர்ச் சாக்கடையே ஏரிக்குப் போகிறது. கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?
(வாசகர், உதகை)

பதில்: அந்தப் பதிலை உச்ச நீதிமன்றம் 1980-லேயே தள்ளிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி, திறந்த சாக்கடையைச் சரிசெய்யப் பணமில்லை என்று போனபோது, மக்கள் சுகாதாரத்தைக் காக்கும் கடமையிலிருந்து தப்பிக்க அது காரணமே அல்ல என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர். அந்த மக்கள் முதலில் போனது உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம்தான். பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவிடும் அவருடைய அதிகாரம் இன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ம் பிரிவில் இருக்கிறது, கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின், சென்னையில் இருக்கும் தென்மண்டல அமர்வுக்கும் போகலாம்.

ஆனால் ஒன்று: தீர்ப்பாயம் நகராட்சிக்கு அபராதம் போட்டால் போவது நம் வரிப்பணம், செய்யாமல் விட்டவர் மாற்றலாகிப் போய்விடுவார். அதனால்தான் 2019-ல் ஒரு கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை முக்கியம் என்கிறேன். நீர்ச் சட்டத்தின் கீழ் நகராட்சி ஆணையர்கள் மீதே வழக்குத் தொடரலாம் என்றது அது. மனுவில் பதவியோடு அதிகாரியின் பெயரையும் எழுதுங்கள்.

கேள்வி: எங்களுடையது சின்னக் கிராமம். தனியாகப் புகார் கொடுக்கப் பயமாக இருக்கிறது.
(வாசகர், கோத்தகிரி)

பதில்: பயம் நியாயமானது, தனியாகப் போகாதீர்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் இப்போது கிராம சபை கூடுகிறது. அங்கே பத்துப் பேராகப் பேசி, தீர்மானமாக எழுத வைத்து, அப்புறம் அதன் நகலை வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.