ஃப்ராஸ்ட்கிரேவ்: முதல் ஆட்டத்துக்கு முன் கேள்வி பதில்

ஃப்ராஸ்ட்கிரேவ் என்பது மந்திரவாதியும் அவர் ஆட்களும் இடிபாடுகளுக்கு நடுவே புதையலுக்காக மோதும், பொம்மைகளை வைத்து மேசையில் ஆடும் ஆட்டம். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பை வைத்தே பதில் சொல்கிறேன். 2015 பதிப்பில் தொடக்கத் தங்கம் உட்படப் பல எண்கள் வேறு.

கே: இரண்டு பேர் ஆட என்னென்ன வேண்டும்?

விதிநூல் ஒன்று, 20 முகப் பகடை ஆளுக்கு ஒன்று, அங்குல டேப், 3 அடிக்கு 3 அடி மேசை. ஆளுக்குப் பத்து பொம்மை: மந்திரவாதி, சீடர், வீரர் எட்டுப் பேர். ஆள் சேர்க்க ஆட்டக் கணக்கில் 400 தங்கம். சீடருக்கு அதில் 100 போய்விடும். ‘தக்’, ‘தீஃப்’ என்ற இரு வீரர் வகைக்கும் காசு கிடையாது, அதனால் எட்டு இடத்தையும் தாராளமாக நிரப்பலாம். 28 மி.மீ. பொம்மை எந்தக் கம்பெனியுடையதானாலும் சரி. மேசையை மட்டும் காலியாக விடாதீர்கள்.

கே: தெர்மகோலில் இடிந்த சுவர் செய்தேன். ஸ்ப்ரே அடித்ததும் குழிகுழியாக உருகிவிட்டது. ஏன்?

ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். ஃபெவிகாலோடு கறுப்பு அக்ரிலிக் வண்ணம் கலந்து இரண்டு கோட் தூரிகையால் பூசுங்கள். மூலை, வெட்டிய விளிம்பு எதுவும் வெள்ளையாகத் தெரியக் கூடாது. உருகுவது அங்கேதான் தொடங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்ப்ரே.

கே: பத்து மந்திரப் பள்ளிகளில் எது பலமானது?

எதுவும் இல்லை. மந்திரவாதி தொடக்கத்தில் எடுக்கும் எட்டு மந்திரத்தில் மூன்றுதான் சொந்தப் பள்ளி. மூன்று நட்புப் பள்ளிகளிலிருந்து ஒவ்வொன்று, நடுநிலைப் பள்ளிகளிலிருந்து இரண்டு. பிடித்ததை எடுங்கள்.

கே: பத்தில் எலிமெண்டலிஸ்ட் பள்ளிதானே பெஸ்ட்?

மேலே சொல்லிவிட்டேன்.

கே: மந்திரவாதி முறையில் எல்லா வீரரையும் நகர்த்தலாமா?

கூடாது. ஒரு சுற்றில் மந்திரவாதி, சீடர், வீரர் என்று முறை வரும். மந்திரவாதி முறையில் அவருக்கு 3 அங்குலத்துக்குள் நிற்கும் வீரர் மூவர் மட்டும். சீடருக்கும் அப்படியே. மிச்சம் பேர் வீரர் முறைக்குக் காத்திருக்க வேண்டும். புதையலைச் சுமப்பவரின் வேகம் பாதியாகும்: 6 அங்குலம் போகிறவர் 3தான். அவரை மூவரில் ஒருவராக வைத்துக்கொண்டால் எதிரி நெருங்குவதற்குள் நகர்ந்துவிடுவார்.

கே: 20 முகப் பகடையில் திறமைக்கு வேலையே இல்லை. சும்மா வந்த தக், காசு கொடுத்து எடுத்த என் நைட் வீரனை அடிக்கிறான். சூதாட்டம்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நைட் சண்டை +4, கவசம் 13, உயிர் 12. தக் +2, கவசம் 10, உயிர் 10. இருவரும் உருட்டிச் சண்டை எண்ணைக் கூட்ட, பெரியது வெல்லும். வென்ற தொகையில் எதிரியின் கவசத்தைக் கழித்தால் காயம். மொத்தம் 400 சேர்க்கை. நைட் வெல்வது 229, தக் 153, சமம் 18. ஆனால் வென்றால் மட்டும் போதாதே. தக்குக்கு 12க்குக் கீழ் விழுந்தால் நைட்டின் கவசத்தைத் தாண்டாது. வென்று காயமும் படுத்துவது 117 தடவைதான். 20 விழுந்தாலும் காயம் 9, நைட் சாகமாட்டான். நைட்டோ 94 சேர்க்கைகளில் ஒரே அடியில் தக்கை முடித்துவிடுவான்.

கே: 117 என்பது கிட்டத்தட்ட 30 சதவீதம். அதுவே அதிகம் இல்லையா?

ஒத்தைக்கு ஒத்தை மோதவிட்டால் அதிகம்தான். அப்படி மோதவிடாமல் இருப்பதே இந்த ஆட்டத்தின் திறமை. கூட ஒருவன் எதிரியைத் தொட்டு நின்றால், அவன் வேறு சண்டையில் சிக்காதவரை, +2. தக்கோடு இன்னொருவன் சேர்ந்ததும் அவனும் +4. உங்கள் நைட்டுக்கும் துணை அனுப்புங்கள். பகடையைக் குறை சொல்வதற்கு முன் யார் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பாருங்கள்.

கே: பொம்மைக்கு எந்த வண்ணம் வாங்க?

வண்ணம் தீட்டத் தெரிந்தவரிடம் கேளுங்கள். சாம்பல் பிளாஸ்டிக்கோடே ஆடலாம்.

கே: எந்தப் பள்ளி...

மேலே பாருங்கள், தயவுசெய்து.

கே: வில்லாளர்கள் இரண்டே சுற்றில் எங்களைத் தீர்த்துவிட்டார்கள். வில் விதியை மாற்றலாமா?

வேண்டாம். வில் 24 அங்குலம் எட்டும், மேசையே 36தான். லேசான மறைவுக்கு +2, கனமான மறைவுக்கு +4 உங்கள் பக்கம் சேரும். மறைவு இருந்தால்தானே? மேசையில் எத்தனை இடிபாடு வைத்தீர்கள்?

கே: மூன்று.

பன்னிரண்டு வையுங்கள். எங்கே நின்று பார்த்தாலும் 12 அங்குலத்துக்குள் ஒரு சுவர் கண்ணை மறைக்க வேண்டும். கட்டி முடிக்கும்வரை அட்டைப்பெட்டியும் புத்தக அடுக்கும் போதும்.