பேச முடியாதவர்கள் ஆபத்து நேரத்தில் மெசேஜ் அனுப்பி ஆம்புலன்ஸை வரவைக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் வீட்டிலும் காது கேட்காதவர் ஒருத்தர் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாது. என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கூடவே வளர்ந்த எனக்கே மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி வாரத்தில்தான் இது உறைத்தது.

அனுப்பலாம். ஆனால் அனுப்பிவிட்டோம் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அவசரமாகப் படிப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். வேலைக்குள் நுழையும்போதே போனை வாங்கி டோக்கன் போட்டு வைத்துவிடுவார்கள். தீபாவளி நேரத்தில் ராத்திரி பதினொன்று வரை வியாபாரம் ஓடும். அம்மாவும் தங்கச்சியும் எழுமலைப் பக்கம் ஊரில் இருக்கிறார்கள். அன்றைக்கு எட்டு மணி சுமாருக்கு, மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன அம்மாவைப் படப்புக்கு அடியில் பாம்பு கடித்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே.

தங்கச்சி எனக்கு மெசேஜ் போட்டாள். "அம்மா பாம்பு கடி. கால். நீ வா." சைகையிலேயே யோசிக்கிறவள், அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதோடு போய்விடலாம்.

அந்த மெசேஜை நான் பார்த்தபோது மணி ஒன்பது ஐம்பது. சாப்பிடப் போகிற இடைவெளியில் போனை வாங்கினேன். மொத்தம் பதினொரு மெசேஜ். கடைசியில் வெறும் கேள்விக்குறியாக நாலு. கை நடுங்கி டிபன் பாக்ஸைக் கீழே போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"அவ ஏன் 108-க்குப் போடல?" என்று எல்லாரும் கேட்டார்கள். போட்டு என்ன பேசுவாள்? எடுத்தவர் "சொல்லுங்க" என்பது அவளுக்குக் கேட்காது, அவள் போடும் சத்தம் அவருக்குப் புரியாது. தொண்டையைக் கிழித்துக் கத்தினாலும் தெருமுனை தாண்டாது.

பத்து நிமிஷம் என்னை எதிர்பார்த்திருக்கிறாள். பதில் வரவில்லை என்றதும் போனில் குறிப்பு எழுதுகிற பக்கத்தைத் திறந்து, எழுத்தைப் பெரிசாக்கி, "அம்மா பாம்பு கடி 108 போன்" என்று அடித்து, ரோட்டுக்கு ஓடி, டீக்கடை அண்ணன் மூஞ்சிக்கு நேராக நீட்டியிருக்கிறாள். அவர்தான் போன் போட்டு இடம் சொன்னார். வண்டி வந்து ஏற்றுகிற நேரத்தில் எங்கள் பெரியப்பா பைக்கில் வந்து, "முதல்ல வேர் குடுக்கிறவர்ட்ட காட்டிருவோம், பக்கத்து ஊருதான்" என்றிருக்கிறார். தங்கச்சி அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு அம்மாவோடு வண்டியில் ஏறிவிட்டாள். உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. விரியன் வகை விஷம் என்று மருந்தை ஏற்றிவிட்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் நேராக அது இருக்கிற கோரிப்பாளையம் போய்க் காத்திருந்தேன். அம்மா பிழைத்தது. இப்போதும் மாடு வைத்திருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, மேதாவிகள் மன்னிக்கவும்.

எஸ்.எம்.எஸ் என்பது தபால் மாதிரி. நடுவில் ஒரு இடத்தில் தங்கி, எதிர்ப் போன் கிடைக்கும்போதுதான் போய்ச் சேரும். கூட்ட நெரிசலில் தாமதமாகும். அவசரம் என்று அதற்குத் தனி வழி கிடையாது. எல்லா அவசரத்துக்கும் ஒரே நம்பரான 112-க்கு அழைத்தால் உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் கிடைத்தால் அதன் வழியாகப் போகும். காசு இல்லாவிட்டாலும் போகும். மெசேஜுக்கு அந்தச் சலுகை இல்லை. இன்னொன்று, இங்கிலீஷில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். "கா" என்று அடித்தால் அதுவே இரண்டாகக் கணக்காகும். அதனால் ஊர்ப்பெயர், என்ன ஆபத்து, "பேச முடியாது" என்கிற மூன்றையும் முதலிலேயே அடித்துவிட வேண்டும்.

112 திட்டத்தில் குரல் அழைப்போடு மெசேஜ், மெயில், ஆப் எல்லாவற்றுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். இதில் ஆப்தான் தேவலை. 112 இந்தியா ஆப்பில் பேரையும் வேண்டியவர்கள் நம்பரையும் முன்கூட்டியே பதிந்து வைத்தால், பொத்தானை அழுத்தியதும் நீங்கள் இருக்கிற இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். போலீஸ் உதவிக்கு 2022-ல் வந்த காவல் உதவி ஆப்பிலும் சிவப்புப் பொத்தான் உண்டு. ஆனால் அழுத்திய பிறகு திரும்பக் கூப்பிட்டால் யார் எடுத்துப் பேசுவது? அதற்குத்தான் பக்கத்து வீட்டு நம்பரையும் சேர்த்துப் பதியச் சொல்கிறேன். வெளியூரில் வேலை பார்க்கும் அக்கா நம்பரை மட்டும் போட்டு வைக்காதீர்கள். என் கதை மேலே இருக்கிறது.

பட்டன் போனை வைத்திருப்பவர்கள் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போகும்படி 2017-லிருந்து விற்கிற போன்களில் இருக்க வேண்டும் என்று விதி. அதுவும் குரல் அழைப்புதான்.

"அமெரிக்காவில் 911-க்கு மெசேஜ் போட்டாலே வந்துவிடுவார்கள், நம்ம ஊர் இருக்கே" என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். அங்கே அப்போதிருந்த பெரிய நாலு போன் கம்பெனிகளும் 2014-லேயே அந்த வசதியைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டன, சரி. ஆனால் வாங்கிப் படிக்க அந்தந்தப் பகுதி மையம் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "இங்கே மெசேஜ் வசதி இல்லை, போன் பண்ணுங்கள்" என்று பதில் வரும். பேச முடிந்தால் பேசுங்கள், முடியாவிட்டால்தான் மெசேஜ் என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். பிரிட்டனில் 999-க்கு மெசேஜ் போட முன்னாலேயே பதிவு செய்திருக்க வேண்டும். அங்கே 2022-ல் வீடியோவில் சைகை மொழியிலேயே சொல்லும் வசதி வந்தது. எனக்குப் பொறாமை அதில்தான். என் தங்கச்சிக்குக் கை பேசும், எழுத்துதான் திக்கும்.

கடையில் இதைச் சொல்லிப் போனை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். "அவசரம்னா கடை லேண்ட்லைனுக்குப் போன் பண்ணச் சொல்லும்மா" என்றார் மேனேஜர். யாரை? இன்னும் அவருக்குப் புரியவில்லை.

பெரியப்பா கதையையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அப்பா பங்கு நிலத்தை எழுதுகிற பேச்சு வந்தபோது, "வாயில்லாத பிள்ளைக்கு எதுக்குத்தா பங்கு, அவளை நாங்க பாத்துக்கிற மாட்டமா" என்றார். அன்றைக்கு அம்மாவை வேர் குடுக்கிறவரிடம் கொண்டுபோகப் பார்த்தவர் இவர். உடற்குறையைக் காரணம் காட்டி யாருக்கும் வாரிசுரிமை இல்லை என்று சொல்லக் கூடாது என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவிலேயே இருக்கிறது. வக்கீல் படித்துக் காட்டினார். அதை போட்டோ எடுத்துப் பெரியப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. சிலருக்கு மெசேஜ் போய்ச் சேர்ந்தாலும் பிரயோஜனமில்லை. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது: போனில் அந்தக் குறிப்பை இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஊர், தெரு, அடையாளம், "எனக்குக் காது கேட்காது, 108-க்குப் போன் போட்டுக் கொடுங்கள்". போன் பூட்டியிருந்தாலும் திரையில் தெரிகிற மாதிரி படமாக வைத்தால் இன்னும் நல்லது. சார்ஜ் போய்விடும் என்று என் தங்கச்சி அதையே அட்டையில் எழுதி வைக்கோல் படப்புப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். டீக்கடை அண்ணன் நம்பரும் அதில் உண்டு, அவரைக் கேட்டுத்தான்.

மணி ஒன்பதே கால். போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகணும். பதில் கேட்டீர்கள் என்றால் ராத்திரிதான் பார்ப்பேன்.