உறுமும் கேபினெட்

கேள்வி: என் கணினியில் இரண்டு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குகள். ‘ம்ம்ம்’ என்ற உறுமல் ஏறி ஏறி இறங்குகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?
– வாசகர், கோவை

பதில்: பெரும்பாலும் இல்லை. 7200 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்க் வினாடிக்கு 120 முறை சுழலும். இரண்டின் வேகமும் இம்மியளவு வேறுபட்டாலும் அதிர்வுகள் ஒரு கணம் சேர்ந்து பெருகும், மறுகணம் ஒன்றையொன்று அடக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் உங்களுக்குக் கேட்கிறது. கேபினெட்டின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் அடங்கினால் அதிர்வது தகரம்தான்.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டிஸ்க்கினுள் சுழலும் தட்டுகள் நிற்க அரை நிமிடம் விடுங்கள். இரண்டு டிஸ்க்குகளுக்கும் நடுவே ஓர் அடுக்கைக் காலியாக விட்டு, ஒவ்வொன்றையும் நான்கு ரப்பர் வாஷர்களில் பொருத்துங்கள். அதற்கென வரும் தோள் வைத்த (தலைக்குக் கீழே தடித்த, மரையில்லாத பகுதி கொண்ட) ஸ்க்ரூவே வேண்டும். சாதா ஸ்க்ரூ ரப்பரை நசுக்கிவிடும், பிறகு ரப்பர் இருந்தும் பயனில்லை.

டிஸ்க்கை எலாஸ்டிக்கில் தொங்கவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தகவலைப் படித்து எழுதும் ஹெட்டைத் தாங்கும் கை வெட்டித் திரும்பும்போது டிஸ்க்கின் உடல் எதிர்ப்பக்கம் முறுக்கும். பிடிப்பு தளர்ந்திருந்தால் ஹெட் தடத்தில் நிலைகொள்ளத் தாமதமாகி, வேகம் குறையும். ஸ்பாஞ்சும் வேண்டாம், சூடு வெளியேறாது.

‘டக்… டக்’ என்று தட்டும் சத்தம் வந்தால் மட்டும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். முதலில் பேக்கப்.