டிம்பனி அடிகள் தனித்தனியாகக் கேட்க, இருப்பதிலேயே கடினமான ஃபெல்ட் மேலட் வாங்கலாமா?

வேகமான இடங்களில் டிம்பனி (சுருதி சேர்த்து வாசிக்கும் பெரிய கிண்ண வடிவ மேளம்) அடிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடுகின்றன, இசை நடத்துநர் தெளிவு கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் இருப்பது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே ஒரு 'ஜெனரல்' மேலட் (தலையில் ஃபெல்ட் சுற்றிய அடிகுச்சி) ஜோடி, மேளங்கள் பிளாஸ்டிக் தோல் போட்டவை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வாங்க வேண்டாம். அதற்கு ஒரு படி கீழே நில்லுங்கள்.

கடினமான மேலட் ஒலியின் நீளத்தைக் குறைத்துவிடும் என்ற எண்ணம், 'ஸ்டக்காட்டோ' (துண்டு துண்டாக) என்று பெயர் போட்டு விற்பதால் வந்த வினை. மென்மையான தலை தோலில் சற்றுக் கூடுதல் நேரம் படிந்து, மேல் அதிர்வுகளை (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த சுரங்கள்) தானே அமுக்கிவிடும். கடினமான தலை சட்டென்று விலகுவதால் அவை பிழைக்கின்றன, அடியின் முனை கூராகக் கேட்கிறது. அவ்வளவுதான். பின்னால் வரும் ரீங்காரத்தை தோலைத் தொட்டு நிறுத்த வேண்டியது உங்கள் விரல்கள். தோலின் இழுவிசை திருகுக்குத் திருகு மாறியிருந்தாலும் எந்த மேலட்டும் காப்பாற்றாது. ஒவ்வொரு திருகின் அருகிலும் மெல்லத் தட்டி, சுருதி ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் பரிந்துரைப்பது மர உள்ளீடு, அதன்மேல் 2 முதல் 3 மி.மீ. அடர்த்தியான கம்பளி ஃபெல்ட். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் இடம் கொடுத்து, உடனே கட்டை தட்டுப்பட வேண்டும். தலை மிகச் சிறியதாக, எடை இல்லாமல் இருந்தால் 32 அங்குல மேளத்தில் 'டக்' மட்டும் வரும், நாதம் வராது. கடினத்தைவிட எடையைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இரண்டு குச்சிகளையும் நகைத் தராசில் வையுங்கள். ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு ஜோடி கேளுங்கள். மூங்கில் தண்டென்றால் மேசைமேல் உருட்டி வளைவு பாருங்கள். ஃபெல்ட்டின் தையல், மேளத் தோலில் படும் இடத்தில் இருக்கக் கூடாது. பட்டால் அந்த ஓர் அடி மட்டும் பல்லிளிக்கும்.

சோதிக்கும்போது விளிம்பிலிருந்து 8 முதல் 10 செ.மீ. உள்ளே அடியுங்கள். பிறகு குச்சிகளை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அரங்கின் பின்வரிசைக்குப் போய்க் கேளுங்கள். மேளத்தருகே தெளிவு என்று தோன்றுவதில் பாதி வெறும் தட்டுச் சத்தம், அது அவ்வளவு தூரம் வராது. பீத்தோவனின் 9ஆம் சிம்பொனி இரண்டாம் பகுதியில் வரும் எஃப் சுரத்தின் இரு ஸ்தாயி அடிகளுக்கு மிகக் கடினமான ஜோடியும் பொருந்தும். அவருடைய வயலின் கான்செர்ட்டோ தொடக்கத்தில் தனியாக, மென்மையாக வரும் நான்கு டி சுர அடிகளை அதே ஜோடியால் அடித்தால் யாரோ கதவைத் தட்டுவது போலிருக்கும். கீழ்ச்சுரத்தில் ரோலும் (இடைவிடாத வேக அடிகள்) வாசித்துப் பாருங்கள்: கடினமான தலையில் அடிகள் பிரிந்து தெரியும்.

'அந்தக் காலத்தில் மரக் குச்சியாலேயே வாசித்தார்களே' என்று யாராவது வருவார்கள். வாசித்தார்கள், கன்றுத்தோலில், சிறிய மேளங்களில். பிளாஸ்டிக் தோலில் அதே குச்சி வேறு சத்தம் தரும்.

ஃபெல்ட் நாளாக ஆகப் படிந்து பளபளக்கும், அப்போது வாங்கியதைவிடக் கடினமாகிவிடும். ஒரே இடத்தில் அடிக்காமல் குச்சியை அவ்வப்போது கால் சுற்றுத் திருப்பிப் பிடியுங்கள். படிந்த இடத்தை ஊசி முனையால் மெல்லக் குத்தி எழுப்பலாம். கம்பளி என்பதால் அந்துப்பூச்சி வரும், மூடிய பையில் வையுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ஹார்ட்', 'மீடியம் ஹார்ட்' என்பதற்குப் பொது அளவே கிடையாது. ஒருவருடைய ஹார்ட் இன்னொருவருடைய மீடியத்தைவிட மென்மையாக இருக்கும். இவ்வளவு விலை வாங்குகிறவர்களில் பலர் ஃபெல்ட் எத்தனை மி.மீ., குச்சி எத்தனை கிராம் என்று ஒரு வரி போடுவதில்லை. கிரிக்கெட் மட்டைக்குக்கூட எடை எழுதி விற்கிறார்கள்.