என்ஜின் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இருபது வருடமாக என் வண்டிக்கு நானேதான் வேலை பார்க்கிறேன். கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் அலசி மாட்டுவது எனக்குக் கைவந்த வேலை. 2021-ல் வாங்கிய பிஎஸ்6 பைக் சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறதே என்று த்ராட்டில் பாடியை (என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) கழற்றி ஸ்ப்ரே அடித்துத் துடைத்தேன், பக்கத்திலிருந்த சின்ன ஸ்க்ரூவையும் லேசாகத் திருப்பினேன். அன்றிலிருந்து மீட்டரில் என்ஜின் விளக்கு எரிகிறது. பேட்டரியை ராத்திரி முழுக்கக் கழற்றி வைத்தும் அணையவில்லை. சர்வீஸ் சென்டரில் த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானதும் பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கார்புரேட்டர் ஸ்க்ரூவை என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திருப்பி சரியான இடத்தில் நிறுத்துவோம் இல்லையா, அந்தப் பழக்கத்தில்தான் இதையும் திருப்பியிருக்கிறீர்கள். ஆனால் பல வண்டிகளில் த்ராட்டில் பாடியில் பெயின்ட் பொட்டு வைத்திருக்கும் ஸ்க்ரூ கம்பெனியிலேயே செட் செய்து சீல் வைத்தது. த்ராட்டில் முழுசாக மூடியிருக்கும்போது அதன் சென்சார் சுமார் அரை வோல்ட் காட்டும், வண்டியின் கம்ப்யூட்டருக்கு அதுதான் பூஜ்யம். ஸ்க்ரூ நகர்ந்தால் பூஜ்யமும் நகர்கிறது, நீங்கள் ஆக்சிலரேட்டரைத் தொடாதபோதும் தொட்டதாக அது நினைத்துக்கொள்கிறது. பெயின்ட் பொட்டு இரண்டாகப் பிளந்த கோடு தெரிந்தால், இரண்டு பாதியும் ஒன்று சேரும் வரை அப்படியே திரும்பக் கொண்டுபோய் வையுங்கள். இன்னொன்று, சில த்ராட்டில் பாடிகளின் உள்சுவரில் கருப்பாக ஒரு பூச்சு இருக்கும், அது அழுக்கு இல்லை. கார்புரேட்டர் ஸ்ப்ரே அதைக் கரைத்துவிடும். அடுத்த முறை துணியில் கொஞ்சமாகக் கிளீனரை நனைத்துத் துடைத்தால் போதும்.

சரி, விளக்குக்கு வருவோம். சீட்டுக்கு அடியில் தேடினால் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஆறு பின் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சொருகி) ஒன்று இருக்கும். அதற்கான கேபிளும் காருக்குப் போடும் ப்ளூடூத் ஸ்கேனரும் இருந்தால் பல வண்டிகளில் என்ன பழுது என்று கம்ப்யூட்டர் குறித்துவைத்த எண்ணை, அதாவது கோடை (code), போனிலேயே படித்துவிடலாம். உங்கள் வண்டியில் பி0122 என்று வந்தால், த்ராட்டில் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். சர்க்யூட் என்று சொல்வதை நன்றாகக் கவனியுங்கள். கெட்டது சென்சாராக இருக்கலாம், அறுந்த ஒயராக இருக்கலாம், கழற்றி மாட்டும்போது 'டக்' என்று உட்காராத சென்சார் கப்ளராகவும் இருக்கலாம், உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தக் கப்ளரைத்தான். மல்டிமீட்டரில் கப்ளருக்கு ஐந்து வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பார்ட்ஸ் கடைக்குப் போங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. போன ஐப்பசி மழையில் என் ஸ்கூட்டரில் ஆக்ஸிஜன் சென்சார் கோடு வந்தது. ஒரு மெக்கானிக் சொன்னதை நம்பி புது சென்சார் வாங்கிப் போட்டேன், மறுநாள் காலையிலேயே விளக்கு மறுபடி எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒயரிங்கை விரலால் தடவிக்கொண்டே போனதில், சீட்டுக்கு அடியில் எலி கடித்த இடம் கிடைத்தது: நகம் அகலத்துக்கு உறை இல்லை, உள்ளே செம்பு பச்சை பூத்துப்போய் இரண்டு மூன்று இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டேன். விளக்கு அணைந்தது. பழைய சென்சாரையே திரும்ப மாட்டிப் பார்த்தேன், அதுவும் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

கேள்வி: காரின் பின்சக்கர பிரேக் பேடு மாற்ற உட்கார்ந்தேன். சி-கிளாம்ப் வைத்து எவ்வளவு அமுக்கியும் பிஸ்டன் உள்ளே போகவில்லை. ஹேண்ட்பிரேக் பட்டன் வகை.
(வாசகர், கோவை)

பதில்: இனி அமுக்காதீர்கள்! பட்டன் ஹேண்ட்பிரேக் உள்ள பல கார்களில் பின் கேலிப்பரிலேயே (பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) மோட்டார் இருக்கிறது, பிஸ்டனை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்கேனர் மூலம் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோனால் மோட்டார் தானாகப் பின்வாங்கும், பிறகு பிஸ்டன் சுலபமாக உள்ளே போகும். சில கார்களில் பட்டனையும் பிரேக் பெடலையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தியே இதைச் செய்யலாம், மேனுவலைப் பாருங்கள். பலவந்தம் செய்தால் உள்ளே கியர் உடையும், அப்புறம் முழு கேலிப்பருக்கும் செலவு செய்ய வேண்டி வரும்.

கேள்வி: அப்படியானால் வீட்டில் எதையும் தொடவே கூடாதா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: தாராளமாகத் தொடலாம். செயின், ஏர் ஃபில்டர், பிளக், ஆயில் எல்லாம் இன்றும் நம் கைவேலைதான். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நம் காசு கொடுத்து வாங்கிய வண்டிக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும், அது நமக்கும் கிடைக்காது, தெருமுனை மெக்கானிக்குக்கும் கிடைக்காது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-ல் ஓட்டுப் போட்டு இந்த உரிமையை வாங்கினார்கள், 2020-ல் மறுபடி ஓட்டுப் போட்டு வண்டி வயர்லெஸ்ஸில் அனுப்பும் தகவலுக்கும் அதை நீட்டித்தார்கள். இங்கே 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் வருகின்றன. உங்கள் வண்டிக் கம்பெனி அதில் என்னென்ன கொடுத்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். சர்வீஸ் மேனுவல் இல்லையென்றால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள், நானும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் வண்டியின் வருடத்தையும் ஸ்கேனரில் வந்த கோடையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.